நான் கொடுத்த கஷாயம்

தலைநகரம் கல்கத்தாவை விட்டு டில்லிக்குப் போகப்போகிறது என்று டிராம் வண்டியிலும் கடைத்தெருவிலும் ஜனங்கள் அங்கலாய்த்துக்கொண்டிருந்த குளிர்காலத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கப்பல்துறைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, நம் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து சைவ மெஸ் நடத்திவந்தோம். மீன் வாசனை அடிக்காத தெருவே இல்லாத ஊரில், நாங்கள் மட்டும் சாம்பாரும் ரசமுமாக ஒரு தனி ராஜ்யம். சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவோம், குடிக்கிறவனுக்கு இங்கே இலை கிடையாது என்று.

அந்த ராஜ்யத்துக்கு நான்தான் வைத்தியர். யாரும் என்னை நியமிக்கவில்லை, நானே நியமித்துக்கொண்டேன். ஊரிலிருந்து சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் டப்பா டப்பாவாகக் கொண்டு வந்திருந்தேன். ஒருவர் தும்மினால் போதும், அடுப்படிக்கு ஓடிப்போய்க் கஷாயம் போட்டு, டம்ளரோடு அவர் தலைமாட்டில் நிற்பேன். குடித்து முடிக்கிறவரை விடமாட்டேன். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று எங்கள் சமையல்காரர் என் முகத்துக்கு நேரேயே கேலி செய்வார். நானும் சிரிப்பேன். ஆனால் நான் கொடுத்து ஒருவருக்கும் கேடு வந்ததில்லை என்று உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

என் அறையில் என்னோடு இருந்தவர் ஒரு சணல் கம்பெனியில் டைப்பிஸ்ட். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் நான் அவரை 'ஓய்' என்பேன், அவர் என்னை 'வே' என்பார். ஒல்லியான ஆள். தண்ணீரில் இறங்கிவிட்டால் மட்டும் வேறு பிறவி. அவருடைய ஆபீஸில் இருந்த வங்காளி நண்பர் ஒருவர் அவரைத் தங்கள் பேட்டை நீச்சல் சங்கத்துக்கு அழைத்துப் போனார். அங்கே எல்லாம் கட்டுப்பாடான வாலிபர்கள். புகையிலை தொடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று கங்கைத் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். மதராஸ்காரர் ஒருவரை அவர்கள் சேர்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கென்ன வே, எங்கம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இது ரெண்டாவது" என்றார் அன்று மாலை. அவருடைய அப்பாவைச் சாராயம்தான் கொண்டுபோயிற்று. அந்தக் கதையை அவர் ஒரே ஒரு முறை சொன்னார். நானும் மறுபடி கேட்கவில்லை.

சங்கராந்தியன்று கார்டன் ரீச்சிலிருந்து ஆற்றைக் குறுக்கே நீந்தி எதிர்க்கரையைத் தொடும் பந்தயம் ஒன்றைச் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. நமக்கு அன்று பொங்கல். கல்கத்தாவில் அந்த ஆறு கடலுக்குக் கட்டுப்பட்டது. ஏற்றத்தில் மேலே ஓடும், வற்றத்தில் கீழே ஓடும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும். அந்த நேரத்துக்குள் நீந்திக் கடக்க வேண்டும். எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் ஜெயிக்கப்போவது எங்கள் மதராஸி பாபுதான் என்று வங்காளிகளே பேசிக்கொண்டார்கள். மெஸ்ஸில் பத்து பேரும் நாங்களே நீந்தப்போகிறாற்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம்.

மார்கழிக் கடைசியில் அவருக்குச் சளி பிடித்தது. நீந்திப் பழகப் போய் வந்த ஒருநாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நடு ஆத்துக்குப் போனா வெறைச்சுப் போகுது வே. கையும் காலும் என்னோடது மாதிரியே இல்ல. நம்ம ஆத்துல ஒருநாளும் இப்படி இருந்ததில்ல" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, இன்னொருவரைக் கெடுத்தேன். எங்கள் கம்பெனிக் கப்பல் ஒன்றில் இன்ஜினீயராக இருந்த வெள்ளைக்காரர் என்னோடு கொஞ்சம் சகஜமாகப் பேசுவார். அவரிடம் போய், என் நண்பர் பந்தயத்தில் நீந்தப்போகிறார், குளிர்தான் தடை என்று சொன்னேன். அவர்கள் ஊரில் நெடுந்தூரம் ஓடுகிற பந்தயக்காரர்களுக்கு வழியில் பிராந்தி கொடுப்பது வழக்கமாம். உடம்புக்குள் அடுப்பு மூட்டினாற்போல் இருக்குமாம். அவரே அரை பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "கொஞ்சம் கொடு" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே!

எங்கள் வீட்டில் ஏழு தலைமுறையில் யாரும் அதைத் தொட்டதில்லை. ஒருவர் அதை எவ்வளவு குடிப்பார் என்று நான் கண்ணால் கண்டதுகூட இல்லை. எனக்குத் தெரிந்த மருந்து கஷாயம் ஒன்றுதான். கஷாயம் என்றால் டம்ளர் கணக்கு. பொங்கலன்று காலை, சமையல்காரர் கூடத்தில் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் சுக்கும் மிளகும் திப்பிலியும் போட்டுக் கொதிக்கவைத்தேன். பெரிய பித்தளை டம்ளரில் பாதி கஷாயம், பாதி பிராந்தி. கருப்பட்டியை அள்ளிப் போட்டேன். மருந்துக்குத் தோஷமில்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அவருடைய சத்தியம் எனக்கு நினைவில்லாமல் இல்லை. நினைவிருந்ததால்தான் சொல்லாமல் கொடுத்தேன்.

"குடியும் ஓய், சூடு ஆறதுக்குள்ளே."

அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரை இறக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"காரமா இருக்கே?"

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். மூச்சை அடக்கிண்டு ஒரே மடக்கா விடும்."

மறுபேச்சுப் பேசாமல் முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். வயிற்றில் வேறு எதுவும் இல்லை. வந்து பொங்கல் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

படித்துறையில் சங்கராந்தி ஸ்நானத்துக்கு வந்த கூட்டம் நெரிந்தது. பனி முழுதும் விலகவில்லை. நீந்துகிறவர்கள் கடுகெண்ணெயைத் தடவிக்கொண்டு பல் கிட்டித்து நின்றார்கள். எங்கள் ஆள் மட்டும் முகம் சிவந்து, கண் பளபளக்க, மாப்பிள்ளைபோல் நின்றார்.

"இன்னைக்குக் குளிரே இல்ல வே! ரெண்டு தரம் போய்ட்டு வந்திருவேன்" என்று உரக்கச் சொன்னார். அவர் உரக்கப் பேசியே நான் கேட்டதில்லை. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு சின்னப் படகு போகும். அதில் படகுக்காரர் ஒருவரும் துணைக்கு வேண்டியவர் ஒருவரும் இருக்கலாம். படகையோ துடுப்பையோ தொட்டால் பந்தயம் போயிற்று. எங்கள் படகுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கப்பல்துறை முஸ்லிம். அன்றைக்கு நான் அவரை 'அவன், இவன்' என்றுதான் பேசினேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

சங்கு ஊதினார்கள். என் நண்பர் எப்போதும் நிதானமாகத்தான் ஆரம்பிப்பார். முதல் பாதி பின்னால் வருவார், பிறகுதான் ஒவ்வொருவராக முந்துவார். அன்று குதித்ததும் குதிக்காததுமாகத் தண்ணீரை அடித்து நொறுக்கிக்கொண்டு முன்னால் போனார். கரையில் ஒரே ஆரவாரம். நான் படகில் எழுந்து நின்று கை தட்டினேன். படகுக்காரர் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு துடுப்புப் போட்டார்.

ஆற்றில் கால் பங்கு போயிருப்போம். அவர் போகும் திசை கோணலாயிற்று. எதிர்க்கரையில் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்புத் துணியை விட்டுவிட்டு, கீழே நங்கூரம் போட்டிருந்த ஒரு ஸ்டீமரைப் பார்த்துப் போனார். "வலது பக்கம் ஓய், வலது பக்கம்!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவருடைய கைகளைக் கவனித்தேன். கை மேலே போயிற்று, தண்ணீரில் விழுந்தது, ஆனால் தண்ணீரை இழுக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. நடு ஆற்றில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. உடம்பு நடுங்கவில்லை. அந்தத் தண்ணீரில் நடுங்காமல் ஒருவர் இருக்க முடியுமா?

"பாபு கி மத் கேயேசென்?" என்றார் படகுக்காரர். பாபு குடித்திருக்கிறாரா என்று கேட்கிறார்.

"இல்லை" என்றேன். பட்டென்று வந்தது பொய்.

அவர் நம்பவில்லை. துறையில் கப்பலுக்கும் கரைக்குமாகக் குடித்த மாலுமிகளை ஏற்றி இறக்குகிற தொழில் அவருடையது. குளிர்காலத்தில் தண்ணீரில் விழுகிற குடிகாரனுக்குக் குளிர் தெரியாது, தெரியாததாலேயே செத்துப்போவான், எத்தனை பேரை எடுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே படகைக் கிட்டே கொண்டுபோனார். நீட்டிய துடுப்பைத் தொடாமல் நண்பர் கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல வே... நீரு போம்..." குரல் குழறியது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "தொடாதே, பந்தயம் போய்விடும்" என்று படகுக்காரர் கையைப் பிடித்தேன். அவர் என் கையை உதறினார்.

"பந்தயம் வேண்டுமா, மனுஷன் வேண்டுமா?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, நண்பர் தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

துடுப்பை என் மடியில் வீசிவிட்டுப் படகுக்காரர் குதித்தார். எனக்குத் துடுப்புப் போடவும் தெரியாது, நீந்தவும் தெரியாது. படகு ராட்டினம்போல் சுற்றியது. முருகா, முருகா என்று அலறினேன். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. படகுக்காரர் நண்பரின் தலைமயிரைப் பற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். இருவருமாக இழுத்து உள்ளே போட்டோம். உள்ளே அடுப்பு எரியும் என்று நான் நினைத்த உடம்பு, மண்பானைத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. குப்புறப் போட்டு அழுத்தியதும் தண்ணீரும் கஷாயமுமாக வாந்தி வந்தது. மூச்சும் வந்தது. படகுக்காரர் தம்முடைய கந்தல் போர்வையை அவர்மேல் போர்த்தி, "கட்டிப் பிடித்துக்கொள்" என்று எனக்கு உத்தரவு போட்டார். ஈரத்தில் பல் கிட்டிக்க அவர் படகைத் தள்ளினார். நான் நண்பரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கரையில் சங்கத்து டாக்டர் பாபு காத்திருந்தார். யாரோ ஒரு கனவான் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்து, "பிராந்தி, ஒரு வாய் கொடுங்கள்" என்று நீட்டினார். "வேண்டாம், வேண்டாம்!" என்று அலறினேன். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் குனிந்து நண்பர் வாயருகே முகர்ந்தார். நிமிர்ந்து சங்கத்துக் காரியதரிசியைப் பார்த்தார்.

"இவர் ஏற்கெனவே குடித்திருக்கிறார்" என்றார்.

முந்தின நாள்வரை அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய பையன்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். நான் அங்கேயே நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதை நான் சொல்லவில்லை.

மெஸ்ஸுக்கு நாங்கள் வருமுன் செய்தி வந்துவிட்டது. பொங்கல் பானை ஆறிக் கிடந்தது. ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலமே அவருக்கு ஜுரம் கண்டு, மார்பில் சளி கட்டி, மூச்சு இரைத்தது. மறுநாள் காலையில் மெஸ் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட மூத்த குமாஸ்தா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மனசு கேட்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"தம்பி, ஊரெல்லாம் சொல்றாங்க. நீ உன் வாயால சொல்லு. குடிச்சியா?"

நண்பர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பினார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஆமாண்ணாச்சி. குடிச்சேன்" என்றார்.

அவ்வளவுதான். ஜுரம் தணிந்ததும் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மார்பு இரைக்கிற ஒருவர், அந்தப் பரதேசத்தில், சைவச் சாப்பாடு கிடைக்கிற வேறு எந்த இடத்துக்குப் போவார்? ஊருக்குக் கடுதாசி போகும். அவருடைய அம்மா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள். இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நான் ஜன்னலோரம் நின்றேன். உள்ளே இலை போட்டுக் கூப்பிட்டார்கள்.

என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேஷ்டிகளுக்கு அடியில் மீதிப் பிராந்தியோடு பாட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய், பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சமையல்காரர் கையில் சாதக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அவர் குடிக்கலை. நான் குடிக்க வெச்சேன்" என்றேன். "கஷாயம்னு சொல்லிக் கொடுத்தேன். அவர் அம்மாவுக்குப் பண்ணின சத்தியம் தெரிஞ்சும் கொடுத்தேன்."

மூத்த குமாஸ்தா எழுந்து, பாட்டிலை எடுத்துக் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தார். பிறகு என் இலையை எடுத்துத் தாழ்வாரத்தில் போட்டார். நண்பரைப் போகச் சொன்ன பேச்சு அதோடு போயிற்று. ஒரு மாதம் நான் அங்கேதான் சாப்பிட்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அன்றே சங்கத்துக்கும் போனேன். வங்காளத்தில் எனக்கிருந்த அரைகுறைப் பேச்சில், அந்தப் பையன்கள் எல்லார் முன்னாலும் நின்று சொன்னேன். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரை அடித்திருந்தார்கள். காரியதரிசி அதைத் தம் கையாலேயே மறுபடி எழுதினார். டாக்டர் பாபு என்னோடு நடந்தே மெஸ்ஸுக்கு வந்து நண்பரைப் பார்த்தார். வழியில் எனக்குச் சொன்னார்: பிராந்தி தோலுக்கு மட்டும்தான் சூடு காட்டும். உள்ளே இருக்கிற சூட்டை வாசலில் கொண்டுவந்து கொட்டிவிடும். கையின் கணக்கும் தப்பும், புத்தியின் கணக்கும் தப்பும். "வீட்டிலிருந்த கணப்பைத் தெருவில் கொட்டிவிட்டு, வீடு சூடாகிவிட்டது என்று நினைத்தீர்கள்" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நண்பர் பிழைத்தார். எழுந்து உட்காரவே மாசி பிறந்துவிட்டது. ஒருநாள் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அண்ணாச்சி கேட்டப்போ என் பேரை ஏன் ஓய் சொல்லலை?"

"அவுக நான் குடிச்சேனான்னுதானே கேட்டாக? குடிச்சேன்னு சொன்னேன்."

"உமக்குத் தெரியாமல்தானே குடிச்சீர்?"

அவர் கஞ்சியை ஊதிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "மொத வாய்லயே தெரிஞ்சுது வே. எங்கப்பா மேல அடிச்ச வாசனை எனக்குத் தெரியாதா?"

கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சுமா முழுசும் குடிச்சீர்?"

"நீரு குடுத்தீரே" என்றார். "மருந்துல இது இவ்வளவு சேரும்போல இருக்குன்னு நெனச்சேன்."

மார்புச் சளி முழுசாக விடவே இல்லை. அவர் மறுபடி அந்த ஆற்றில் நீந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் படித்துறைக்குப் போவோம். அவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, நடு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் படகுக்காரர் எங்களைக் கண்டால் படகை ஒதுக்கிக் கையசைப்பார். இரண்டு வருஷத்தில் நண்பர் ஊருக்கே மாற்றிக்கொண்டு போய்விட்டார். கடைசிவரை என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை எழுதினதில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வைத்தியத்தை அன்றோடு விட்டேன். ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாருக்கு எதைக் குடிக்கக் கொடுத்தாலும், "இது மோர்", "இது தண்ணீர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் டம்ளரை நீட்டுகிறேன். கண்ணுக்குத் தெரிவதை எதற்குச் சொல்கிறீர்கள் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் கையை நம்பி ஒருவர் வாயைத் திறக்கும்போது, அந்த ஒரு வார்த்தையையாவது நான் முதலில் சொல்லிவிட வேண்டும்.